இருவருக்கு இரண்டு இரவு, ஒரே ஊர்: கொச்சி

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளை என் தாயாரிடம் விட்டுவிட்டு, முதன்முறையாக நானும் கணவரும் மட்டும் கொச்சிக்குப் போக எண்ணியிருக்கிறோம். சனி, ஞாயிறுடன் திங்கட்கிழமைக்கும் விடுப்புக் கேட்டிருக்கிறோம். கணவரின் நண்பர்களோ, அவ்வளவு தூரம் போய்விட்டு மூணாறு, ஆலப்புழை, அதிரப்பள்ளி பார்க்காமல் வரலாமா என்கிறார்கள். ஒரு டிராவல்ஸ்காரர் எல்லாவற்றையும் சேர்த்துக் காரிலேயே காட்டிவிடுவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகி, ஈரோடு

பதில்: டிராவல்ஸ்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். எறணாகுளத்திலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் போவதற்கு மட்டுமே நான்கு மணி நேரம் ஆகும். அதிரப்பள்ளி வடக்கே 70 கிலோமீட்டர் அளவிலும், ஆலப்புழை தெற்கே 55 கிலோமீட்டர் அளவிலும் இருக்கின்றன. மூன்றும் மூன்று திசை. இவற்றை இரண்டரை நாளில் அடைத்தால், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் இருவரும் தனியாகப் பேசக் கிடைத்த நேரமெல்லாம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே கழியும். மூணாறு ஓடிவிடாது; பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இன்னொரு முறை போகலாம். இந்த முறை கொச்சியோடு, அதிலும் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் சேர்ந்த அந்தப் பழைய பகுதியோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

அடுத்து, தங்கும் இடம். ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று எறணாகுளத்தில் அறை எடுப்பவர்கள் உண்டு. எறணாகுளம் நல்ல நகரம்தான், ஆனால் கடைவீதியும் போக்குவரத்து நெரிசலுமாக உங்கள் ஊரிலேயே இருப்பது போல்தான் இருக்கும். ஃபோர்ட் கொச்சியில் தங்கினால் காலையில் எழுந்து ஐந்து நிமிடம் நடந்தால் கடற்கரை வந்துவிடும். இரவு உணவுக்குப் பிறகு மழைமரங்களுக்கு அடியில் அறைக்கு நடந்தே திரும்பலாம். அங்கே குடும்பத்தார் தம் வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடும் ஹோம்ஸ்டேக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பெரிய ஹோட்டலைவிட அதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் காலையில் அந்த வீட்டு அடுப்பில் வெந்த ஆப்பமும் ஸ்டூவும் கிடைக்கும், எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்று கேட்டால் உண்மையான பதிலும் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது குளிர்சாதன வசதி உண்டா, வாசற்கதவை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்ற இரண்டையும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து செல்ல ரயிலே சிறந்தது. பெங்களூரிலிருந்து எறணாகுளம் செல்லும் இன்டர்சிட்டி விரைவு ரயில் முற்பகலில் ஈரோட்டுக்கு வந்து, கோவையையும் பாலக்காட்டுக் கணவாயையும் கடந்து, மாலையில் எறணாகுளம் சேர்கிறது. திரும்பும்போது, ஆலப்புழையிலிருந்து சென்னை செல்லும் விரைவு ரயிலை மாலையில் எறணாகுளத்தில் பிடித்தால் அன்றிரவே வீடு சேரலாம். அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பு முன்பதிவு தொடங்கியதுமே சீட்டு எடுத்துவிடுங்கள்; வார இறுதி இருக்கைகள் விரைவில் தீர்ந்துபோகின்றன.

சனிக்கிழமை மாலை ரயிலை விட்டு இறங்கியதும் நேராக ஃபோர்ட் கொச்சிக்கு டாக்ஸி வைக்காதீர்கள். ஆட்டோவில் உயர் நீதிமன்றப் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து வாட்டர் மெட்ரோவில் ஏறுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த மின்கலப் படகுகளில் இருபது நிமிடம் அளவுக்குப் பயணம், கட்டணமும் அதிகமில்லை. கூட்டம் வரிசையாக நின்றால் கவலைப்பட வேண்டாம். சற்றுத் தள்ளி எறணாகுளம் பிரதான படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகு இன்னும் குறைந்த கட்டணத்தில் போகிறது, மரப் பலகையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போகலாம். எந்தப் படகானாலும் மேற்கு நோக்கிய பயணம் என்பதால் சூரியன் இறங்குவது எதிரிலேயே தெரியும். இடப்பக்கம் தெரியும் வெலிங்டன் தீவு இயற்கையானது அன்று. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-களில் கொச்சித் துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. அன்றைய பொழுதுக்கு இந்தப் படகும் இரவு உணவும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்கு உரியது. இங்கே கிழமை மிக முக்கியம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் அருகிலுள்ள பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் திறக்காது, வெள்ளியையும் நம்ப முடியாது. வெள்ளி இரவு வந்து, சனி முழுவதும் சுற்றி, ஞாயிறு காலையில் கிளம்பும் தம்பதியர் பலர் இந்த இடங்களில் ஒன்றின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள். உங்கள் ஞாயிறு, திங்கள் ஏற்பாடு அந்த வகையில் நல்ல பொருத்தம்.

அரண்மனை வெளியிலிருந்து பார்க்கச் சாதாரண ஓட்டு வீடு போலத்தான் இருக்கும். 1555-ஐ ஒட்டிப் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் காவியும் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. உள்ளே படம் எடுக்கத் தடை இருப்பது நல்லதுதான்; கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கலாம். கீழ்த்தளத்துப் பெண்களின் அறைகளில் குமாரசம்பவக் காட்சிகளும் கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனும் இருப்பதைப் பலர் அறியாமலே வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் தவறவிடாதீர்கள்.

1568-இல் எழுந்த யூத ஆலயத்தில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் கையால் வரையப்பட்டவை, ஒன்று போல் இன்னொன்று இராது. 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த தெருவில் இப்போது இருப்பவை பெரும்பாலும் கலைப்பொருட் கடைகள். அங்கே முதலில் சொல்லும் விலையைக் கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். “ஒரே ஒரு கடை, பார்த்தால் போதும்” என்று அழைக்கும் ஆட்டோக்காரரிடம் அன்போடு மறுத்துவிடுங்கள், அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு.

அன்று மாலை கதகளி பாருங்கள். ஃபோர்ட் கொச்சியில் பயணிகளுக்காக நாள்தோறும் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி நடத்தும் அரங்குகள் உள்ளன. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, ஏறக்குறைய ஐந்து மணிக்கு, போய்விடுங்கள். ஒப்பனையை மேடையிலேயே, நம் கண்முன் செய்துகொள்கிறார்கள். தாடையைச் சுற்றி அரிசி மாவுக் குழம்பும் காகிதமும் கொண்டு சுட்டி என்ற வெள்ளை விளிம்பைக் கட்டுவதையும், சுண்டப்பூவைக் கண்ணிமைக்குள் இட்டு விழியைச் சிவக்க வைப்பதையும் அருகிலிருந்து பார்த்தவர்களுக்குப் பிறகு வரும் ஆட்டம் வேறு மாதிரி விளங்கும். கோயில் முற்றத்தில் விடியவிடிய நடக்கும் கதகளிக்கு இது ஈடாகாது என்பது உண்மை. ஆனால் முதல்முறை காண்பவர்களுக்கு இந்த அளவு சரியானது.

திங்கட்கிழமை விடிந்ததும் சீன வலைகளைப் போய்ப் பாருங்கள். தேக்குத் தூண்களும் மூங்கிலுமாக நிற்கும் அந்த வலையை நான்கைந்து பேர் கயிற்றை இழுத்துத் தூக்குவதும், மறுமுனையில் கட்டிய கற்கள் எடைக்கு எடை நிற்பதும் காலை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்க அழைப்பார்கள், இழுத்த பிறகு அன்பளிப்பும் கேட்பார்கள். கையில் சில்லறை வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இழுங்கள். பக்கத்தில் இருக்கும் புனித பிரான்சிஸ் ஆலயத்தில்தான் 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்தார்கள்; ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உடலைப் போர்ச்சுக்கலுக்கு எடுத்துப் போய்விட்டதால் இப்போது இருப்பது கல் மட்டுமே.

அதன்பின், வழிகாட்டிகள் அதிகம் சொல்லாத ஓர் இடத்துக்குப் போங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்வேன். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில் இன்றும் துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தினர். டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். தொட்டிகளில் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையில் துணி முனையைச் செருகிக் காயவைக்கும் முறையைப் பாருங்கள், கிளிப் என்ற ஒன்றே தேவைப்படுவதில்லை. நீங்கள் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். அவர்களுக்கு அது பணியிடம் என்பதால், அனுமதி கேட்டுப் படம் எடுப்பதும் அரை மணி நேரத்தில் விடைபெறுவதும் முறை.

மதியம் மட்டாஞ்சேரியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பஜார் சாலையின் கிடங்குகள் வழியாக நடந்து கொஞ்சம் மிளகும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டால் ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கிடங்குகளில் பல மூடியிருக்கும் என்பதால்தான் இதைத் திங்களுக்கு வைத்தேன். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறி என்ற சேரநாட்டுத் துறைமுகத்தை அகநானூறு பாடுகிறதல்லவா, அந்த வணிகம் 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு கொச்சிக்கு இடம்பெயர்ந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

கேள்வி: எனக்கு அறுபத்து நான்கு வயது, மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் கொச்சி போய்வர முடியுமா? நடை அதிகமா?
— வாசகர், மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம் ஐயா. ஊர் சமதளம், ஏற்றம், இறக்கம் இல்லை. சிரமம் தருபவை படிகளே. பழைய வீடுகளில் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும் என்பதால் ஹோம்ஸ்டேயில் தரைத்தள அறையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படகு ஏறுவதற்குப் பழைய படகைவிட வாட்டர் மெட்ரோவே உங்களுக்கு ஏற்றது; அதன் மிதக்கும் மேடை நீர்மட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் படகின் தளமும் மேடையும் ஒரே உயரத்தில் இருக்கும், சக்கர நாற்காலியைக்கூட உருட்டிச் செல்லலாம். மட்டாஞ்சேரி அரண்மனையில் ஓவியங்கள் உள்ள மேல்தளத்துக்குப் படியேறத்தான் வேண்டும்; அதற்காகவே காலை வேளையை ஒதுக்கி, மற்றதற்கெல்லாம் அரை நாளுக்கு ஓர் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உங்கள் இருவருக்கும் இதமாக இருக்கும்.

கேள்வி: புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள், இருவரும் சைவம். புத்தாண்டு இரவைக் கொச்சியில் கழிக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்ற பெரிய உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள்; அதைக் காண வரும் கூட்டத்தில் கைகோத்து நடப்பதே கடினம், எறணாகுளம் திரும்ப வண்டி கிடைப்பது அதைவிடக் கடினம். அறை வாடகையும் அந்த வாரத்தில் ஏறிவிடும். தனிமை வேண்டுமானால் பொங்கல் கழிந்த பிறகு செல்லுங்கள். 2012-இல் தொடங்கிய பியென்னாலே கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டாக இருந்தால் ஜனவரியில் அதையும் பார்த்துவிடலாம். சைவ உணவுக்குக் கவலை வேண்டாம்: பல தலைமுறைகளாகக் குஜராத்திகள் வாழும் மட்டாஞ்சேரியின் குஜராத்தி சாலையில் சைவச் சாப்பாடும் இனிப்பும் காரமும் கிடைக்கும், காலையில் புட்டும் கடலைக் கறியும் எங்கும் உண்டு. ஹோம்ஸ்டேயில் மட்டும், முட்டையும் சேர்க்க மாட்டோம் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.