மனசோடு பேசுவோம்: மனைவி போன் எடுக்காவிட்டால் ஏன் கத்துகிறேன்?

கேள்வி: வயது 39. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு முறை கூப்பிட்டு அவள் போனை எடுக்காவிட்டால் போதும், வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்துவிடுகிறேன். அப்புறம் மூன்று நாள் பேச்சே கிடையாது. கை நீட்டியதில்லை. போன வாரம் என் மகள், "அப்பா வர்றதுக்குள்ள போனை சார்ஜ்ல போடும்மா" என்று சொன்னது காதில் விழுந்தது. கவுன்சலிங் போகலாம் என்கிறாள் மனைவி. முன்பின் தெரியாதவரிடம் பேசினால் கோபம் போய்விடுமா? அப்பா விபத்தில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று ராத்திரியும் ஏழு தடவை போன் செய்தேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கேள்வியைக் கேட்டு முடித்த பிறகு, போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தக் கடைசி இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன், தம்பி.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால், எடுக்காத போன் உங்களை அந்த ராத்திரிக்கே கொண்டுபோய் விடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

வெறுமனே பேசினால் கோபம் போகாது. அதற்கு டீக்கடை நண்பரே போதும். சைக்கோதெரபியில், அதாவது பேச்சு வழியான மனநலச் சிகிச்சையில், நடப்பது வேறு. இரண்டாவது தடவை ரிங் போனபோது நெஞ்சு எப்படி இருந்தது, உள்ளங்கை வியர்த்ததா, மனதில் என்ன ஓடியது என்று பொறுமையாகக் கேட்பார்கள். சம்பவத்துக்கும் உணர்ச்சிக்கும் நடுவே சட்டென்று ஒரு நினைப்பு வந்து போகிறது என்பதை 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் கவனித்தார். அதைப் பிடித்துச் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வகுத்த சிகிச்சையின் அடிப்படை. உங்களுக்கு அந்த நினைப்பு 'ஏதோ ஆகிவிட்டது' என்பதாக இருக்கலாம். முதலில் பயம், கோபம் அப்புறம். உங்கள் மனைவி காதில் விழுவதோ கோபம் மட்டும். அடுத்து வரும் மூன்று நாள் மௌனத்தை அவர் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார். "பயந்துட்டேன்" என்ற ஒரு சொல் நம் வீட்டு ஆண்கள் வாயில் லேசில் வராது. அதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

நானும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். அம்மா இறந்த வருடம் ஒரு தெரபிஸ்டிடம் போனேன். முதல் மூன்று வாரமும் ஆஸ்பத்திரி பில்லைப் பற்றியே புலம்பினேன். நான்காவது வாரம் அவர், "அம்மா கடைசியா என்ன செஞ்சு கொடுத்தாங்க?" என்றார். ஃப்ரிட்ஜில் அம்மா காய்ச்சிய புளிக்காய்ச்சல் பாட்டில், திறக்காமலே இருந்தது. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அழுகைதான். அந்த வாரக் கடைசியில்தான் பாட்டிலைத் திறந்து என் கணவருக்கும் சேர்த்துச் சாதம் பிசைந்தேன். அதுவரை அவரைப் பக்கத்திலேயே விடவில்லை.

சரி, யாரிடம் போவது? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, அதாவது சிகிச்சை தரும் உளவியலாளராகப் பாருங்கள். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சில மாதம் பிடிக்கலாம். ஆரம்பத்தில் மனம் இன்னும் கனத்தமாதிரி இருக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆள் ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். மனைவியையும் சேர்த்து உட்காருவதைப் பிறகு யோசிக்கலாம். அதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

தெரபிஸ்ட் அறைக்குள் போனதும் போனை சைலன்ட்டில் போடச் சொல்வார்கள். மனைவி கூப்பிட்டால் தெரியாது என்று உங்களுக்குக் கை பரபரக்கும். முதலில் அதையே தெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.