மீன் வெட்டும் மரக்கட்டைக்குத் தடை உண்டா?

கேள்வி: காட்பாடியில் சின்ன மீன்கடை நடத்துகிறேன். உணவு பாதுகாப்புப் பதிவுச் சான்று இருக்கிறது. ஆய்வுக்கு வந்தவர், நான் மீன் வெட்டும் புளியமரக் கட்டையும் இரும்பு அருவாமனையும் தடை செய்யப்பட்டவை என்றார். இரண்டையும் 7 நாளில் மாற்றாவிட்டால் பதிவு ரத்து என்று நோட்டீஸும் வந்துவிட்டது. கைக்கு வந்து 3 நாள் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: கட்டை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். அருவாமனை விஷயத்தில் இல்லை.

2011-ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு உரிமம், பதிவு ஒழுங்குமுறைகளில் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உணவில் படுகிற சாமான் துருப்பிடிக்காததாக, நஞ்சு சேர்க்காததாக, கழுவ எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. மரத்துக்குத் தடை எதுவும் இல்லை. இறைச்சிக் கடைக்கென்று அதே அட்டவணையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: கட்டை மரமாக இருந்தால் கெட்டியான வைர மரமாக இருக்க வேண்டும், தினமும் வேலை முடிந்ததும் சுத்தம் செய்து மேலே கடல் உப்பைத் தூவி வைக்க வேண்டும். ஆட்டுக்கறி வெட்டவே மரக்கட்டையை ஒப்புக்கொள்ளும் சட்டம், கட்லாவும் சங்கராவும் வெட்டினால் மட்டும் தடுக்கும் என்று வாதாட முடியாது.

ஆனால் உங்கள் கட்டையை ஒருமுறை நீங்களே குனிந்து பாருங்கள். நடுவில் குழி விழுந்து, விரிசலில் செதிலும் ரத்தமும் கறுத்துப் போயிருந்தால் அது பொது விதியிலேயே அடிபடும். மேல்பக்கத்தை இழைத்துவிடுங்கள், விரிசல் ஆழமென்றால் வேறு கட்டைதான்.

அருவாமனைக்காக மல்லுக்கட்ட வேண்டாம். மீன் தண்ணீரில் இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எவர்சில்வரில் வாங்கிக்கொண்டு பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி நோட்டீஸ். உணவு பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 32-வது பிரிவுப்படி இதைத் தர வேண்டியவர் நியமன அலுவலர், அதாவது மாவட்ட உணவு பாதுகாப்புப் பணிக்குப் பொறுப்பான அதிகாரி. யார் கையெழுத்து என்று முதலில் பாருங்கள். காரணத்தையும் செய்ய வேண்டியதையும் எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். 7 நாள் என்பது அதிலேயே அடிபட்டுப் போகிறது. அவகாசம் முடிந்த மறுநாளே ரத்து செய்யவும் முடியாது: முதலில் நிறுத்திவைப்பு, அதன் பிறகும் சரிசெய்யாவிட்டால் விளக்கம் கேட்டுத்தான் ரத்து. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்றால் உடனே நிறுத்திவைக்கலாம். சுத்தமான மரக்கட்டை அந்த ரகம் இல்லை.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 15 நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நோட்டீஸில் கொடுத்த கெடு அதற்கு முன்பே முடிந்தால் அந்தக் கெடுதான் கணக்கு. 7 நாள் தப்பு என்று நாம் சொன்னாலும், பாதுகாப்புக்கு அந்த 7 நாளையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது 4 நாள்.

இன்றே நியமன அலுவலருக்குப் பதில் எழுதுங்கள். அருவாமனை மாற்றியாயிற்று, பில் இணைப்பு. கட்டை இழைக்கப்பட்டது, போட்டோ இணைப்பு. மரத்தைத் தடுக்கும் விதி எது என்று எழுத்தில் தெரிவிக்கவும். அவகாசத்தை 14 நாளாக்கவும். ஸ்பீட் போஸ்டில், கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். 2 நாளில் சாதகமாக எழுத்தில் எதுவும் வராவிட்டால் மேல்முறையீட்டைப் போட்டுவிடுங்கள். நேரில் போய் ‘பார்த்துச் செய்யுங்க சார்’ என்று சொல்லிவிட்டு வந்தால் கையில் எந்தச் சாட்சியும் இருக்காது.

சுகாதாரக் குறைவுக்கு 56-வது பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த விசாரணை தனி. மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடக்கும். அங்கே போக நேர்ந்தாலும் இதே பில்லும் போட்டோவும்தான் உதவும்.