மேடைக்குத் தலை போனால் என்ன மிஞ்சும்?

வணக்கம் நண்பரே. குறுக்கெழுத்துப் புதிரில் வந்த 'தலை போன மேடையோடு மாமிசம் சேர்ந்தால் பழைய தலைநகர் (4)' என்ற குறிப்புக்கு 'மாண்டலே' என்று போட்டு மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். மாண்டலேக்காரர் அல்லவா, கை அங்கேதான் போகும்! 1885 வரை பர்மிய அரசர் இருந்த ஊர், எழுத்தும் நாலு. ஆனால் மேடையும் மாமிசமும் எங்கே போயின? தவிர, மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறது என்கிறீர்கள். 'ட'வில் தமிழ்ச்சொல் தொடங்காதே. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேடையை அப்படியே வெட்டினால் 'டை'தான் மிஞ்சும். அதற்கு வேறு சொல் தேடுங்கள்: அரங்கு. தலையெழுத்தை எடுத்தால் 'ரங்கு'. மாமிசம் என்றால் ஊன். இரண்டையும் ஒட்டும்போது நடுவில் உள்ள உகரம் ஓடிவிடும்: ரங்க் + ஊன், ரங்கூன். எங்கள் யாங்கோனின் பழைய பெயர்தான்! 2005-இல் மியான்மர் அரசு நேப்பிடோவுக்குக் கிளம்பும்வரை அதுதானே தலைநகர். இந்தச் சந்தி விளையாட்டு ஆங்கிலப் புதிரில் கிடையாது. நானே டீக்கடையில் உட்கார்ந்து அழித்து அழித்துத் தாளில் ஓட்டை போட்டிருக்கிறேன்.

சரி, இப்போது கீழிறங்கும் சொல் 'கூ'வில் தொடங்கும். அதன் குறிப்பையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.