படம் 3 எம்பிதான், நினைவகத்தில் 48 எம்பி

கேள்வி: கடைக்காரர்கள் சரக்கைப் படமெடுத்துப் பதிவு செய்வதற்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். என் போனில் நன்றாக ஓடுகிறது. 2 ஜிபி ரேம் உள்ள மலிவு போன்களில் பட்டியலை நகர்த்தினால் திணறுகிறது. கேமராவுக்குப் போய்த் திரும்பினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் படங்களைக் கவனியுங்கள். 12 மெகாபிக்சல் படம் கோப்பாக 3 எம்பி இருக்கலாம். அது ஜேபெக் சுருக்கத்தின் தயவு. திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிவிடும். உங்கள் பட்டியலில் தெரிவதோ கட்டைவிரல் அகலம். 400க்கு 300 பிக்சல் அளவில் விரித்தால் அரை எம்பிகூட வராது. கிளைடு, காயில் போன்ற, படங்களை ஏற்றித் தரும் ஆயத்த நிரல் நூலகங்கள் இந்தக் குறைப்பைத் தாமே செய்யும். ஆனால் படம் வரும் இடத்துக்குத் திட்டமான அளவு கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரையளவுக்கு விரித்துவிடக்கூடும். சர்வரிலிருந்தே சிறு படமாக அனுப்பினால் கடைக்காரருக்கு டேட்டாவும் மிச்சம்.

கோப்பு, தரவுத்தள வேலை எதையும் பிரதான இழையில், அதாவது திரையை வரைந்து தொடுதலுக்குப் பதில் தரும் ஓட்டத்தில், வைக்காதீர்கள். மலிவு போன்களின் சேமிப்பகம் மெதுவானது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு காட்சியையும் வரையக் கிடைப்பது 16 மில்லி விநாடிதான். அதற்குள் முடியாவிட்டால் பட்டியல் திணறும்.

படிவம் மறைவது வேறு கதை. கேமராவுக்கு ரேம் போதாதபோது, பின்னால் போன உங்கள் செயலியை ஆண்ட்ராய்டு நிறுத்திவிடுகிறது. அது பிழையன்று, அதன் வழக்கம். தடுக்க முயல்வது வீண்வேலை. திரைக்கான தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் வியூமாடல் காப்பாற்றும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். திரையைத் திருப்பினால் அது தாங்கும், செயலியே நிறுத்தப்பட்டால் தாங்காது. எழுத எழுதப் படிவத்தைத் தரவுத்தளத்தில் வரைவாகச் சேமியுங்கள். எடுக்கப்போகும் படத்தின் கோப்புப் பாதையையும் கேமராவைத் திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். ‘ரேமைச் சுத்தம் செய்யுங்கள்’ என்று பயனருக்கு அறிவுரை காட்டும் செயலிகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நம் வேலையை அவர் தலையில் கட்டுவதல்லவா அது?

சோதிக்க, செயலியைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி கருவியின் ‘ஏஎம் கில்’ (am kill) கட்டளையால் நிறுத்தித் திரும்பத் திறந்து பாருங்கள். வேகத்தை அளக்க, கணினியில் போனைப் போல ஓடும் எமுலேட்டர் உதவாது. கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பழைய போன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் பயனருக்கு வெளியிடும் ரிலீஸ் பதிப்பையே நிறுவி அளவெடுங்கள். பிழை தேடுவதற்கான டீபக் பதிப்பு இயல்பாகவே மந்தமானது. இல்லாத குறையைத் தேடி அலையவைக்கும்.