காட்டுக்குள் இருக்கும் குடிலில் கையடக்க டிஷ் வைத்து டிவி பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் டிஷ் வாங்கும் முன் வானத்தைப் பாருங்கள். ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால், ஒரே திசையில் நிற்பதுபோல் இருக்கும். அந்தத் திசையில் மரக்கிளை குறுக்கிட்டால் எவ்வளவு நல்ல டிஷ்ஷும் வீண்தான். ஈர இலைகள் சிக்னலை விழுங்கிவிடும். என்னைக் கேட்டால், கூரையில் மாட்டுவதைவிட முக்காலியே மேல். வெட்டவெளிக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு, கேபிளைக் குடிலுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

முக்காலியின் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் உள்ள கோண அளவு சரியாக இருக்காது. உங்கள் இடத்துக்கான திசையையும் கோணங்களையும், இணையம் கிடைக்கும் இடத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பொறுமைதான் வேலை செய்யும். டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் நிறுத்துங்கள். செட்டாப் பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அவகாசம் வேண்டும். திரையில் சிக்னலின் பலத்தைவிடத் தரத்தையே நம்புங்கள். வேறு செயற்கைக்கோளைப் பிடித்தாலும் பலம் ஏறிக் காட்டும்.

செட்டாப் பாக்ஸும் டிவியும் 12 வோல்ட்டில் ஓடுபவையாக இருந்தால் பேட்டரியே போதும், இன்வெர்ட்டர் தேவையில்லை.