குதிரைக்கு மூளை ஆபரேஷன் எதற்கு? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

குதிரைக்கு ஸ்கேன் படத்தை வைத்து வழி பார்த்து மூளைக்குள் ஊசி இறக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. என் அம்மாவுக்குத் தலை ஸ்கேன் எடுக்க ஒரு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் அலைந்தோம். மனுஷனுக்கே இந்த நிலைமை, குதிரைக்கு மூளை ஆபரேஷனா? ரேஸ் குதிரை வைத்திருக்கிற பணக்காரர்கள் சமாச்சாரம்தானே இது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. போன மாதம் அடைமழையில் திடீரென்று ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது, அப்புறம் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அப்படியே நின்றது. வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வளர்த்தவர் கையை விட்டெல்லாம் பார்த்தார். மூன்றாம் நாள் செத்துப்போனது. அந்த ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருக்குமா?

– பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். வாயில் கையை விட்டவரை இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இப்படி நரம்புக் கோளாறு வந்து சில நாட்களில் சாகிற எந்தக் குதிரையையும் வெறிநோய் என்று சந்தேகித்தே ஆக வேண்டும், நாய்க்கு வருகிற அதே ரேபிஸ்தான். கையில் ஒரு கீறல் இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால்கூடப் போதும். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி தெரிய மாதக்கணக்கில் ஆகலாம், தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். நடந்ததை ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். அது உங்கள் தெருக் குதிரையைக் காப்பாற்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலும் மூளையை வெட்டிச் சரிசெய்வதற்காக இதை யோசிக்கவில்லை. உள்ளே இருப்பது கட்டியா, சீழா, அழற்சியா என்று குதிரை உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்ளத்தான். இதுவரை பல குதிரைகளில் அந்தப் பதில் செத்தபின் மண்டையைத் திறந்து பார்க்கும்போதுதான் கிடைத்தது.

சவுகார்பேட்டைப் பக்கம் கல்யாணக் குதிரை நின்றால் அதன் முகத்தைக் கவனியுங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே அலங்காரம் தொங்குகிறதே, அந்த எலும்புக்குப் பின்னால் இருப்பது காற்று நிரம்பிய சைனஸ் அறைதான். மூளை அதற்கும் மேலே, காதுகளை ஒட்டி, தடித்த தசைக்கும் எலும்புக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு பெரிய தலையில் அதன் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். வெளியிலிருந்து குத்துமதிப்பாக ஊசி இறக்கினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது. அதனால் தலையில் அசையாத அடையாளப் புள்ளிகளைப் பொருத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆபரேஷன் மேசையில் அகச்சிவப்பு கேமரா ஒன்று, தலையோடு பிணைத்த சின்னச் சின்ன உருண்டைகளையும் கருவியில் இருக்கும் உருண்டைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். கருவியின் நுனி இந்த நொடியில் மூளையின் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்பது ஸ்கேன் படத்தின் மேலேயே திரையில் தெரியும். மண்டையில் சின்னத் துளை போட்டு, ஊசியை இறக்கி, அரிசியளவு சதையை எடுத்துவிடலாம். இறந்த குதிரைகளின் தலைகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். குறி தவறுவது சில மில்லிமீட்டர்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் இதில் பெரிய சிக்கல் மூளை இல்லை, மயக்க மருந்து. தலையை மட்டும் ஸ்கேன் வளையத்துக்குள் விட்டு, லேசாக மயக்கி நிற்க வைத்தே சி.டி. எடுக்க முடிகிறது. ஆபரேஷன் என்றால் பொதுவாக முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்நூறு கிலோ உடம்பு மேசையில் அழுந்தும்போது அடியில் இருக்கிற தசைக்கு ரத்தம் சரியாகப் போகாது. அதைவிட மோசம் எழுந்திருக்கும் நேரம். ஓடித் தப்பித்தே பிழைத்த பிராணி இல்லையா, பாதி மயக்கத்திலேயே துள்ளி எழப் பார்க்கும், கால் மடங்கி எலும்பு முறியும். 40,000க்கும் மேற்பட்ட குதிரைகளின் விவரங்களோடு 2002இல் வந்த ஆய்வில், வயிற்றுவலிக்காக வந்தவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மயக்கம் கொடுத்த நூறில் ஏறக்குறைய ஒன்று செத்திருக்கிறது. ஏற்கெனவே தள்ளாடுகிற குதிரை மூளையில் துளையோடு எழ வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

பணக்காரர் சமாச்சாரமா? இன்றைக்கு ஆமாம், செலவு அப்படி. அதற்காக உங்கள் அம்மாவின் வரிசையில் குதிரை வந்து நுழைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் அலையவிடுவது அநியாயம், அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. மூளைக்குள் அளவு பார்த்துக் குறிவைக்கிற கருவியை லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1908இல் விளக்கி எழுதியபோது அது விலங்குகளின் மூளையை ஆராயச் செய்ததுதான். அமெரிக்க டாக்டர்கள் ஸ்பீகலும் வைசிஸும் 1947இல் அதை மனிதனுக்குக் கொண்டுவந்தார்கள். நம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ஜி.எச்.சில் 1950இல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தியும், பாலசுப்ரமணியம், கல்யாணராமன், கனகா ஆகியோரும் அதே முறையில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார்கள். உங்கள் அம்மா வயதுக்காரர்கள் பலர் பலன் பெற்ற வித்தை விலங்கிலிருந்து வந்ததுதான். அது குதிரைக்குத் திரும்பிப் போவதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அந்தக் குதிரைக்கு என்னதான் வந்தது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரேபிஸாக இருக்கலாம். கடிக்கிற ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம், அது ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. ஆனால் மழைக்காலம், சுற்றல், சுவரில் முட்டு, மூன்றே நாளில் சாவு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது தீவனம்தான். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் ஃபுமோனிசின் என்ற நஞ்சு இருக்கலாம். அது குதிரை மூளையின் வெள்ளைப் பகுதியைக் கூழாக்கிவிடும், அதற்கு எந்த ஊசியும் உதவாது.

அவரிடம் வேறு குதிரை இருந்தால் மீதி மூட்டையைக் கொடுக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள், தூக்கியும் எறிய வேண்டாம். ஒரு பையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் காட்டச் சொல்லுங்கள். மற்ற குதிரைக்கு ரத்தப் பரிசோதனையும் அங்கேயே கேட்கலாம். ஆனால் அவர் கைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தபிறகுதான் இதெல்லாம்.