ஸ்பெயினின் ‘விரைவு வெளியேற்றச் சட்டம்’ என்றால் என்ன?

ஒருவரின் வீட்டுக்குள் அனுமதியின்றிப் புகுந்து குடியேறியவரை நீதிமன்றம் வழியாகச் சீக்கிரம் வெளியேற்றும் நடைமுறைதான் இது. 2018 ஜூனில் வந்த 5/2018 எண் சட்டம் இதைக் கொண்டுவந்தது.

ஏன் தேவைப்பட்டது? பழைய வழியில் வழக்கு மாதக்கணக்கில் இழுத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், உள்ளே இருப்பவர் யார் என்றே தெரியாதபோது யார் மேல் வழக்குப் போடுவது? இப்போது பெயர் தெரியாவிட்டாலும் ‘உள்ளே இருப்பவர்கள்’ என்றே வழக்குத் தொடுக்கலாம். வீட்டை உடனே ஒப்படைக்கும்படி உரிமையாளர் கேட்டிருந்தால், நோட்டீஸ் கிடைத்த 5 நாளுக்குள் அங்கே இருக்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்பதற்கான ஆவணத்தை அவர்கள் காட்ட வேண்டும். இல்லையென்றால், இறுதித் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் நீதிபதி வெளியேற்ற உத்தரவிடலாம். ரயிலில் நம் இருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தால், பரிசோதகர் அவர் கதையைக் கேட்பதற்கு முன் டிக்கெட்டைத்தானே கேட்பார், அப்படி.

தனிநபர்கள், லாப நோக்கமற்ற அமைப்புகள், சமூக வீடுகள் (வசதி குறைந்தவர்களுக்கான வீடுகள்) வைத்திருக்கும் அரசு அமைப்புகள் மட்டுமே இந்த வழியில் போகலாம். வங்கிகளுக்கு இடமில்லை (சரியான கட்டுப்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது).

அப்புறம், வாடகை பாக்கி வைத்தவரையும் இப்படி வெளியேற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, அவர் ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தவர், அதற்கான வழக்கு வேறு.